சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்: வாடகை எவ்வளவு, கையில் நிற்பது எவ்வளவு?

வணக்கம். "அறுபது லட்சம் சார், பதினெட்டாயிரம் வாடகை கண்டிப்பா வரும்." வீடு காட்ட வரும் புரோக்கர் மாடிப்படி ஏறும்போதே சொல்லிவிடுவார். வருடத்துக்கு 2,16,000 ரூபாய், அதாவது 3.6 சதவீதம். அது கடைசியில் எங்கே வந்து நிற்கிறது என்று பார்ப்போம். மடிப்பாக்கத்தில் இரண்டு பெட்ரூம் கொண்ட பழைய ஃபிளாட் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் தெரு நிலவரத்தை அங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

[திரையில்: 60,00,000 → 67,50,000]

முதலில் வாங்கும் செலவு. மறுவிற்பனை வீட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்திர விலை, அரசு வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். நம் கணக்கில் 5,40,000. புரோக்கருக்கு 60,000. பெயிண்ட், குழாய், ஃபேன், கொசுவலை என்று குடிவைப்பதற்கு முன் ஒன்றரை லட்சம். ஆக, போட்ட பணம் 67.5 லட்சம். வருமானத்தை இதனால்தான் வகுக்க வேண்டும், 60 லட்சத்தால் அல்ல.

சரி, வருடச் செலவுக்கு வருவோம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

எங்கள் வீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்த அன்று உள்ளே போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர்கள், சுத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் ஹாலில் வரிசையாக ஆணி ஓட்டை, அடுப்பு மேடைக்கு மேல் எண்ணெய்க் கறை, பாத்ரூம் சுவரில் மேல் வீட்டுக் கசிவால் உப்பிய பெயிண்ட். கொத்தனார், பிளம்பர், பெயிண்டர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து முடிக்க ஒரு மாதம் ஓடிவிட்டது. அந்த மாத வாடகையும் போயிற்று.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவதாக வைத்துக்கொள்வோம்.

[திரையில் ஒவ்வொன்றாக]

காலியாகக் கிடக்கும் ஒரு மாதம், வருடக் கணக்கில் 9,000. பெயிண்டிங் 18,000. ஆள் பிடித்துத் தந்தவருக்கு 9,000. சொத்து வரி 6,000. மோட்டார், கீசர், குழாய் ரிப்பேர் 12,000. லிஃப்ட், மொட்டைமாடி ஒழுக்கு, வெளிச்சுவர் என்று அசோசியேஷன் திடீரென்று கேட்கும் பணத்துக்காக 15,000. மொத்தம் 69,000.

மிச்சம் 1,47,000. போட்ட 67.5 லட்சத்துக்கு 2.2 சதவீதம்தான்.

கடனில் வாங்கினால்? 40 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் தவணை ஏறக்குறைய 34,700. வீடு மாதம் தருவது 12,250. மீதி 22,000 சொச்சம் உங்கள் சம்பளத்திலிருந்து போகும், மாதம் தவறாமல். தயவுசெய்து இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

வாடகைக்காரர் தரும் அட்வான்ஸை வருமானத்தில் சேர்க்காதீர்கள். அது திருப்பித் தர வேண்டிய பணம். தனி டெபாசிட்டில் போட்டுவிடுங்கள்.

வருமான வரியில் ஒரு வசதி உண்டு. வாடகையில் நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று பில் காட்டாமலே கழித்துக்கொள்ளலாம். கடன் வட்டியும் கழியும். ஆனால் புதிய வரி முறையில், வட்டி போய் நஷ்டம் வந்தால் அதைச் சம்பளத்தில் ஈடுகட்ட முடியாது.

அப்புறம் ஏன் வாங்குகிறார்கள்? விலை ஏறும் என்றுதான். ஏறுவது பெரும்பாலும் நிலம். கட்டடம் தேய்ந்துகொண்டே போகும். அதனால் பத்திரத்தின் சொத்து விவரத்தில் யுடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத மனைப் பங்கு, எத்தனை சதுர அடி என்று பாருங்கள். ஒரே தெருவில் 900 சதுர அடி ஃபிளாட் இரண்டு: ஒன்றுக்கு 450 சதுர அடி மனை, இன்னொன்றுக்கு 280. இன்று இரண்டுக்கும் ஒரே வாடகைதான் கிடைக்கும். கட்டடம் பழசாகி இடித்துக் கட்டும் பேச்சு வரும் நாளில், பில்டர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.