கேமராவை ஆன் செய்தால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

இணையவழி வகுப்பு தொடங்கியதும் ஆசிரியர்கள் பலர் சொல்வது, "எல்லாரும் கேமராவை ஆன் பண்ணுங்க" என்பதுதான். முகம் தெரிந்துவிடும், மனம் எங்கே இருக்கிறதென்று தெரியாது. அதைப் பாடத்தில் பிடித்து நிறுத்துவது நாம் நடத்தும் முறைதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொல்கிறேன். புள்ளியியல் பாடம், 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான வீடியோ. அதை நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சிறு தேர்வு. இன்னொரு குழுவுக்குக் கடைசிப் பகுதி முடிந்த பிறகுதான் தேர்வு. நடுநடுவே, "இப்போது கவனம் பாடத்தில் இருக்கிறதா?" என்றும் விசாரித்தார்கள். அடிக்கடி தேர்வு எழுதியவர்களிடம் மனம் அலைவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. குறிப்பெடுப்பதும் கூடியது, இறுதித் தேர்வைப் பற்றிய பதற்றம்கூடக் குறைந்தது. மூன்றாவதாக ஒரு குழுவும் இருந்தது. அதே கேள்விகளை விடைகளோடு சேர்த்துக் காட்டி, படிக்க மட்டும் சொன்னார்கள். அவர்களுக்கு இந்தப் பலன் கிட்டவில்லை. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். விடையை மாணவரே தேடி எடுக்க வேண்டும். நாம் எடுத்து நீட்டினால் பயனில்லை.

மறு ஆண்டு, எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் நான்கு பாடங்களில், 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை வேறு சில ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமானாலும் மாணவர்கள் பார்த்த நேரம் பெரும்பாலும் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஸ்லைடை வாசிப்பதைவிட, கையால் எழுதிக்கொண்டே விளக்கிய பாடங்களை அதிக நேரம் பார்த்தார்கள். கணக்கு ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே, ஆசிரிய நண்பர்களே, ஒரு மணி நேரப் பாடத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவராதீர்கள். ஐந்தாறு நிமிடம் பேசுங்கள்; ஒரு கேள்வி கேளுங்கள்; பிறகு காத்திருங்கள். அந்த மௌனம் நமக்குத்தான் சங்கடம். மாணவர் யோசிப்பது அப்போதுதான். "புரிந்ததா?" என்பது கேள்வியே அல்ல, அதற்கு எல்லாரும் "புரிந்தது சார்" என்றுதான் சொல்வார்கள். "இந்த வரிக்கு அடுத்து என்ன வரும்?" என்று கேளுங்கள். மைக்கை ஆன் செய்யக் கூச்சப்படும் பிள்ளைகள் சாட்டில் எழுதட்டும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினாலும் பரவாயில்லை. வந்த தவறான விடைகளில் ஒன்றை, எழுதியவர் பெயரைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு, அது எந்த இடத்தில் வழி மாறியது என்று வகுப்பையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

வணக்கம்.