விட்ட நாளுக்கு மறுநாள்

வணக்கம், நேயர்களே.

விடாமுயற்சியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பு என்றதும் சிகரம் ஏறியவர்கள், தோற்றுத் தோற்று ஜெயித்தவர்கள் என்று ஒரு வரிசை வந்து நிற்கும். கேட்கிற நேரத்தில் நமக்கும் முறுக்கேறத்தான் செய்கிறது. மறுநாள் விடியற்காலை அலாரம் அடிக்கும்போது அந்த முறுக்கைத் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே சாதனையாளர்களை இன்றைக்கு விட்டுவிடுகிறேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு பழக்கம் ஏதோ ஒரு நாள் தவறிப்போகிறது பாருங்கள், அதற்கு மறுநாளைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். நான் பார்த்தவரையில், ஆசைப்பட்டுத் தொடங்கிய பல காரியங்கள் அந்த மறுநாளில்தான் கைநழுவிப் போகின்றன.

முதலில் ஒரு கணக்கைச் சரிசெய்துகொள்வோம். எதையும் 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய ஒரு புத்தகத்திலிருந்து கிளம்பிய எண் அது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கண்ணாடியில் தெரிகிற புது முகம் நோயாளிக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் எழுதினார். முகத்துக்குச் சொன்னதை உலகம் உடற்பயிற்சிக்கும் படிப்புக்கும் பொருத்திவிட்டது. 'குறைந்தது' என்பதும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. விளைவு, 22ஆம் நாளும் எழுந்திருக்கக் கஷ்டமாக இருந்தால், 'நமக்கு மனஉறுதி போதாது போலிருக்கிறது' என்று நல்ல மனிதர்கள் தங்களைத் தாங்களே நொந்துகொள்கிறார்கள்.

உண்மையில் எத்தனை நாள் ஆகும்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்பவரும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரு சின்னக் காரியத்தைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் செய்ய வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, சற்று ஓடுவது, இப்படி ஏதாவது ஒன்று. யோசிக்காமலே கை அதற்குப் போகிறதா என்றும் தினமும் பதிவுசெய்ய வேண்டும். 2009இல் முடிவு வெளிவந்தது. ஒருவருக்கு 18 நாளில் படிந்துவிட்டது. இன்னொருவருக்கு, ஆய்வுக் காலம் முடிந்த பிறகும் இதே போக்கில் போனால் என்று கணக்கிட்டதில், 254 நாள் வந்தது. நடுவில் நின்ற எண் 66. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய வேலைகள் சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு அதிகக் காலம் பிடித்தது. ஆரம்ப வாரங்களில் வேகமாக ஏறிய பழக்கம் போகப்போக மெதுவாகத்தான் ஏறியது. தொடக்கத்தில் இருந்த விறுவிறுப்பு குறைகிறதே என்று நாம் கவலைப்படுகிற அதே கட்டம் அது. நம்மைச் சுற்றியிருப்பவர்களோ அதற்குள் 'ஆரம்ப சூரத்தனம்' என்று பட்டம் கட்டிவிடுகிறார்கள்.

இந்த ஆய்வில் பலரும் எடுத்துச் சொல்லாத ஒரு செய்தி இருக்கிறது. நடுவில் ஒரு நாள் தவறியவர்களுக்கு அதனால் குறிப்பிடும்படியான பின்னடைவு எதுவும் ஏற்படவில்லை. மறுநாள் வந்து செய்தார்கள், பழக்கம் தன் பாட்டுக்கு வளர்ந்தது.

பிறகு ஏன் ஒரு நாள் தவறியதும் எல்லாம் சரிந்துவிடுகிறது? 1975இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. எடையைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தவர்கள், அப்படிக் கட்டுப்பாடு இல்லாதவர்கள், இரு தரப்பிலும் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள். அடுத்து ஐஸ்கிரீமை முன்னால் வைத்து, வேண்டிய அளவு ருசி பார்க்கச் சொன்னார்கள். வயிறு நிறைந்தவர் குறைவாகத்தானே சாப்பிட வேண்டும்? கட்டுப்பாடு இல்லாதவர்கள் அப்படித்தான் செய்தார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ, மில்க் ஷேக் குடிக்காதவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். விரதம்தான் கெட்டுவிட்டதே! முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, மனம் அந்த வழக்கை எடுத்துக்கொண்டு வாதாடுகிறது. ஒரு மில்க் ஷேக் செய்யாத கெடுதலை அந்த வாதம் செய்துவிடுகிறது.

இது நம் வீட்டுக்குள் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். தினமும் அரைமணி நேரம் ஓடுவது என்று ஒருவர் வைத்திருக்கிறார். ஒரு நாள் வேலை முடிந்து வீடு வரும்போது இரவு ஒன்பதரை. கதவோரம் ஓடுகிற ஷூ இருக்கிறது, கழற்றிய சாக்ஸ் அதற்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது. அதைப் பார்த்ததும் ஒரு குற்ற உணர்ச்சி. உடனே ஒரு சமாதானம்: 'நாளைக்குச் சேர்த்து ஒரு மணி நேரம் ஓடிவிடலாம்.' கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுநாள் காலை அவருக்கு முன்னால் நிற்பது பழகிய அரைமணி இல்லை, பழகாத ஒரு மணி நேரம். மலைப்பாக இருக்கிறது, படுத்துவிடுகிறார். மூன்றாம் நாள் ஒன்றரை மணி நேரம். கடன்காரர் வட்டியோடு வாசலில் நிற்பது போல அந்த ஷூ நிற்கிறது. நான்காம் நாள் அவரே ஷூவை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்.

விட்ட நாளைப் பாக்கியாகச் சுமக்காதீர்கள் என்பதுதான் நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது. போனது போகட்டும். மறுநாளுக்கு அதே அரைமணிதான், முடியாவிட்டால் பத்து நிமிடம். அதுவும் முடியாதா, ஷூ மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பட்டும். உடம்புக்கு அதனால் பெரிய பயன் இல்லைதான், ஆனால் தொடர்பு அறுந்துபோகாமல் இருக்கும்.

தேதி பார்த்துத் தொடங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், ஆண்டுத் தொடக்கம் போன்ற நாள்களில் ஜிம்முக்கு வருகிறவர்கள் கூடுகிறார்கள் என்று 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. தொடங்க அது நல்ல உந்துதல், மறுக்கவில்லை. ஆனால் 12ஆம் தேதி தவறிவிட்டு, 'சரி, ஒன்றாம் தேதியிலிருந்து' என்றால், 13 முதல் 30 வரை 18 நாள் வீண். கைபேசிச் செயலிகள் சிலவற்றின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. 43 நாள் விடாமல் செய்தவர் ஒரு நாள் விட்டால் எண்ணை பூஜ்யமாக்கிக் காட்டுகின்றன. அந்த 43 நாள் எங்கே போயிற்று? இந்த மாதம் 30இல் 26 நாள் செய்தேன் என்று ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

தவறுவதையே குறைக்க வழி உண்டா என்றால், கொஞ்சம் உண்டு. பிரிட்டனில் ஓர் ஆய்வு, 2002இல் வெளிவந்தது. உடற்பயிற்சி செய்தால் இதயத்துக்கு எவ்வளவு நல்லது என்று சிலருக்கு எடுத்துச் சொன்னார்கள். அடுத்த வாரம் பயிற்சி செய்தவர்கள் 35 சதவீதம், எதுவும் சொல்லப்படாதவர்களில் 38 சதவீதம். அறிவுரையின் பலன் அவ்வளவுதான். அறிவுரை சொல்ல வந்திருக்கிற நானும் இதைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். மூன்றாவது குழுவினரிடம் அதே அறிவுரையோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்வீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். அவர்களில் 91 சதவீதம் பேர் செய்துவிட்டார்கள். இதே முறையில் தவறும் நாளுக்கும் இப்போதே ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளலாம்: 'ஒரு நாள் விட்டுப்போனால், மறுநாள் காலை காபி குடித்ததும் பத்து நிமிடம்.' எழுதும்போது மனம் தெளிவாக இருக்கும். தவறிய இரவில் நம்மை நாமே திட்டிக்கொள்கிற அவசரத்தில் இந்தத் தெளிவு வராது.

எல்லாவற்றையும் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. மூட்டு தேய்ந்து, டாக்டர் ஓடாதே என்ற பிறகும் மாரத்தானைப் பிடித்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. எட்ட முடியாத இலக்கை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மாறிக்கொள்கிறவர்கள் மனநிம்மதியோடு இருக்கிறார்கள் என்று கார்ஸ்டன் ரோஷ் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே ஒரு நிபந்தனை: அந்த முடிவைத் தவறிய நாளிலோ மறுநாளிலோ எடுக்க வேண்டாம். ஒழுங்காகச் செய்து முடித்த ஒரு வாரத்தின் கடைசியில் உட்கார்ந்து, இது எனக்கு இன்னும் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்று தோன்றினால் தாராளமாக விட்டுவிடலாம்.

நன்றி. வணக்கம்.