பந்தலுக்குள் வரும் விருந்தாளி

(கம்பம் பள்ளத்தாக்கு திராட்சை விவசாயிகள் கூட்டத்தில் பேசியது)

தோட்டக்கார அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம்.

தேக்கடி பார்க்க வருகிற வண்டிகள் குமுளி மலையிறங்கி நம் பக்கமும் வருகின்றன. கூடலூர், சுருளிப்பட்டிப் பக்கம் பந்தலைக் கண்டதும் நிறுத்துகிறார்கள். படம் எடுத்து, இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நம்மிடம் காட்ட இருப்பது அவ்வளவுதானா?

போன மாதம் கோட்டயத்திலிருந்து ஒரு குடும்பம் என் தோட்டத்துக்கு வந்தது. சின்னப்பெண் கொத்தைத் தொடப் போனாள். அம்மா சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டார். "வெள்ளையாப் படிஞ்சிருக்கே, மருந்துதானே?" ஒரு பழத்தைப் பறித்து விரலால் தேய்த்துக் காட்டினேன். அது பழம் தானே பூசிக்கொள்கிற மெழுகு. பழத்தின் ஈரம் போகாமல் காப்பது அதுதான். கலையாமல் இருந்தால் அதிகம் கைபடாத பழம் என்று அர்த்தம். அந்த அம்மா முகம் தெளிந்தது. உடனே அடுத்த கேள்வி: "அப்போ மருந்து கடைசியா என்னைக்கு அடிச்சீங்க?" எனக்குத் தேதி வாயில் வரவில்லை. ராத்திரி வெகுநேரம் அதே நினைப்பு.

தோட்டத்துக்கு வரும் விருந்தாளியைக் கவனிப்பதையும் ஒரு தொழிலாகச் செய்யலாம். இத்தாலியில் 1985-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். அக்ரிடூரிஸ்மோ, அதாவது விவசாயச் சுற்றுலா என்பது அங்கே பெயர். விவசாயி தன் வீட்டில் விருந்தாளியைத் தங்க வைக்கலாம், சமைத்துப் போடலாம், சொந்தத் திராட்சையின் ஒயினை ஊற்றிக் கொடுக்கலாம். ஆனால் விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்க வேண்டும். பரிமாறுவதில் சொந்த நிலத்து விளைச்சல் இருக்க வேண்டும். எனக்கு இந்த நிபந்தனைதான் ரொம்பப் பிடித்தது. பந்தலைப் பிரித்துவிட்டு விடுதி கட்டுவது சுற்றுலா ஆகாது.

ஒயினுக்கு உரிமம் வேண்டும், முதலீடு வேண்டும், எல்லாராலும் ஆகாது. விதையை நசுக்காமல் கையால் பிழிந்த சாறும், மொச்சைக் குழம்புச் சாப்பாடும் நம் வீட்டுப் பெண்களால் இன்றைக்கே முடியும். அந்தக் காசு அவர்கள் கைக்கே போக வேண்டும்.

நம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று. கொடியைக் கழித்துவிடும் கவாத்திலிருந்து ஏறக்குறைய 120 நாளில் பழம் வெட்டு. ஆளாளுக்கு வெவ்வேறு மாதம் கவாத்து செய்வதால், ஒரு தோட்டத்தில் துளிர், அடுத்ததில் பூ, அதற்கடுத்ததில் பழம். நாலு பேர் சேர்ந்தால் ஒரே காலைப்பொழுதில் எல்லாவற்றையும் நடந்தே காட்டலாம்.

என் தோட்ட வாசலில் இப்போது ஒரு கரும்பலகை தொங்குகிறது. கவாத்துத் தேதி, கடைசியாக மருந்தடித்த தேதி, வெட்டுத் தேதி. தமிழில் நான் எழுதுகிறேன். கீழே மலையாளத்தில் என் மகள் எழுதுகிறாள்.