பனிக்காலச் சலாது: வயிறும் நிறைய வேண்டும்

அன்பான ஐயாமார், அம்மாமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

ஜனவரி மாதத்தில் கனடாவின் ஸ்காபரோவில் நின்று சலாதைப் பற்றிப் பேசுகிறேன். இந்தக் குளிரில் பச்சை இலையா, சுடச்சுடச் சோறும் கறியும் போதாதா என்று நீங்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. நமக்குத் தெரிந்த சலாது வெளிறிய லெட்டுஸ், நாலு வெள்ளரித் துண்டு, ஒரு தக்காளி. அது கோடைக்காலச் சாப்பாடு. குளிர்காலத்தில் வட அமெரிக்கக் கடைகளில் இருக்கும் லெட்டுஸில் பெரும்பகுதி அரிசோனாவில் யூமா என்ற இடத்தில் விளைகிறது. அங்கிருந்து லொறியில் இவ்வளவு தூரம் வந்து சேரும்போது அதில் மணமும் இருக்காது, மொறுமொறுப்பும் இருக்காது. அதைத் தின்றுவிட்டுச் சலாதே வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள்.

பனிக்காலத்துக்கென்றே மரக்கறிகள் இருக்கின்றன. அவற்றை எடுத்து, டிரெஸ்ஸிங்கையும், அதாவது சலாதின் மேல் விடும் புளிப்புக் கலவையையும், வீட்டில் நாமே செய்தால், சலாது ஒரு நேரச் சாப்பாடாகவே நிற்கும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

நெடுஞ்சாலை 400 இல் வடக்கே பாரிப் பக்கம் போகிறவர்கள் இருபுறமும் கறுப்பு மண் வயல்களைப் பார்த்திருப்பீர்கள். ஹாலந்து மார்ஷ் என்று பெயர். சதுப்பு நிலத்தின் நீரை வடித்து உண்டாக்கிய தோட்டங்கள். அங்கே விளையும் கரட்டும் வெங்காயமும் குளிர் கிடங்குகளில் இருந்து மாதக்கணக்கில் நமக்கு வருகின்றன. பீட்ரூட், கோவா, பட்டர்நட் பூசணி, ஆப்பிள் எல்லாம் இப்படித்தான். இவை இந்த மாதத்திலும் ருசி குறையாதவை, விலையும் கட்டுப்படியாகும்.

இலைக்கு கேல் என்ற கீரையை வாங்குங்கள். உறைபனி பட்ட கேல் இனிக்கும். குளிர் வரும்போது அந்தச் செடி தன் உயிரணுக்களில் சர்க்கரையைக் கூட்டிக்கொள்கிறது, உள்ளே இருக்கும் நீர் எளிதில் உறையாமல் இருக்க. ஆனால் இலை தடிப்பு, பச்சையாகக் கடித்தால் தாடை நோகும். அதனால் நடுத்தண்டை உருவி எறிந்துவிட்டு, இலையை மெல்லிதாக அரிந்து, கால் தேக்கரண்டி உப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டு இரண்டு மூன்று நிமிடம் கையால் நன்றாகப் பிசையுங்கள். வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசைகிற அதே கைப்பழக்கம்தான். இலை கரும்பச்சையாகி, பாதியாகச் சுருங்கும். அப்போது சரி. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேலில் விட்டமின் கே மிக அதிகம். திடீரென்று கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், முதலில் மருத்துவரிடம் பேசுங்கள்.

வயிறு நிறைவதற்குப் பருப்பு வேண்டும். உலகில் மிக அதிகமாக மசூர்ப் பருப்பு வகைகளை ஏற்றுமதி செய்கிற நாடு கனடா. பெரும்பகுதி சஸ்காச்செவன் மாகாணத்தில் விளைகிறது. இலங்கையில் நாம் சாப்பிட்ட சிவப்புப் பருப்பிலும் இங்கிருந்து போனது உண்டு. சலாதுக்கு அந்தச் சிவப்பு உடைத்த பருப்பு வேண்டாம், குழைந்துவிடும். தோல் நீக்காத பச்சை நிற மசூர்ப் பருப்பு ஒரு கப் எடுத்து, நிறையத் தண்ணீரில் 20 முதல் 25 நிமிடம் அவித்து, உருக்குலையாமல் இறக்கி வடியுங்கள். சூடு ஆறுவதற்குள் டிரெஸ்ஸிங்கில் கொஞ்சத்தை அதன்மேல் விட வேண்டும். சூடாக இருக்கும்போதுதான் பருப்பு புளிப்பையும் உப்பையும் உள்ளே இழுக்கும். பூசணியைத் துண்டுகளாக வெட்டி, எண்ணெய் பூசி, அவணில் 400 டிகிரி பாரன்ஹீட்டில் ஓரங்கள் கருஞ்சிவப்பாகும்வரை சுடுங்கள். அரை மணி போதும். தட்டில் நெருக்கி அடுக்கினால் சுடாது, ஆவியில் அவிந்துவிடும்.

இனி டிரெஸ்ஸிங். கடைப் போத்தல்களில் உப்பும் சீனியும் எவ்வளவு என்று பின்பக்கம் பாருங்கள். 2026 ஜனவரி 1 முதல், உப்போ சீனியோ நிறைகொழுப்போ அதிகமுள்ள பொட்டல உணவுகளின் முன்பக்கத்தில் பூதக்கண்ணாடிப் படம் இருக்க வேண்டும் என்று கனடாவில் சட்டம். நம் வீடுகளில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத குடும்பம் குறைவு. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் ஒன்றில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்பிள் வினாகிரி, அரைத் தேக்கரண்டி உப்பு. முதலில் இவை இரண்டையும் கலக்குங்கள், ஏனென்றால் உப்பு எண்ணெயில் கரையாது. அப்புறம் ஒரு தேக்கரண்டி டிஜோன் கடுகு விழுது, கொஞ்சம் தேன், மிளகுதூள், ஆறு மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெய். மூடிக் குலுக்குங்கள். எண்ணெயும் வினாகிரியும் பிரிந்து நிற்காமல் பிடித்து வைப்பது கடுகு. அதன் தோலில் இருக்கும் பசை எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று சேராமல் தடுக்கிறது.

எண்ணெய்க்குப் பயந்து கொழுப்பே இல்லாத டிரெஸ்ஸிங் வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2004 இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். கொழுப்பில்லாத டிரெஸ்ஸிங்கோடு சலாது சாப்பிட்டபோது, மரக்கறிக்கு நிறம் தரும் கரோட்டினாய்டுகள் என்ற சத்துகள் உடலில் ஏறக்குறைய ஏறவே இல்லை. அளவாக எண்ணெய் விடுவதுதான் புத்தி.

தடிப்பாக வேண்டும் என்றால் எள்ளு விழுது, அதாவது தஹினி. எலுமிச்சைச் சாற்றை விட்டதும் அது இறுகிக் கட்டியாகும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்தால் வெள்ளையாக, பாலாடை போல இளகி வரும். எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். உள்ளியை, அதாவது பூண்டை, மட்டும் எண்ணெயில் போட்டு வெளியே வைக்காதீர்கள், பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சு உண்டாகலாம். பிரிட்ஜில் வைத்து சில நாட்களுக்குள் முடித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து, தோலோடு அரிந்த ஆப்பிளும் வறுத்த வால்நட்டும் போட்டால் நாலு பேருக்கு இரவுச் சாப்பாடு. மிச்சம் மறுநாள் வேலைக்குக் கொண்டு போகலாம், கேல் வாடாது. வால்நட்டை மட்டும் தனியாகக் கட்டுங்கள்.

அந்த மேசையில் இரண்டு கிண்ணம் இருக்கின்றன. இடது பக்கம் கடுகு டிரெஸ்ஸிங், வலது பக்கம் எள்ளு. கடுகு, எள்ளு, வால்நட் மூன்றும் சிலருக்கு ஒவ்வாமை தரும். உங்கள் பிள்ளைக்கு அப்படி ஏதும் இருந்தால் எடுப்பதற்கு முன் என்னிடம் வந்து கேளுங்கள். மற்றவர்கள் வரலாம்.