முட்டை எடுத்த கையோடு எழுதுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மயில் வளர்ப்பைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள், நன்றி. தீவனம், கூண்டு பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். எந்த முட்டை எந்தப் பெடை இட்டது, எந்தக் குஞ்சு எந்த முட்டையில் வந்தது என்று எழுதி வைக்கிற நோட்டு.

அதற்கு முன் ஒரு வார்த்தை. ஊரிலிருந்து கேட்பவர்களும் இருப்பீர்கள். இந்தியாவில் மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அங்கே மயிலைப் பிடித்து வளர்ப்பதும் முட்டையை எடுப்பதும் குற்றம். தோட்டத்தில் மயில் முட்டையைப் பார்த்தால் தொடாமல் விட்டுவிடுங்கள். நான் பேசுவது இங்கே டெக்சாஸில், தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே வளர்ந்துவரும் மயில்களைப் பற்றி.

வசந்தம் வந்ததும் பெடை முட்டையிடத் தொடங்கும். பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள், சாயங்கால வேளையில். தானே அடைகாக்க விட்டால் நாலிலிருந்து எட்டு முட்டையோடு நிறுத்திக்கொள்ளும். நாம் எடுத்துக்கொண்டே வந்தால் மேலும் இடும். மூன்று நான்கு கூண்டு இருந்தால் மேசையில் முட்டை சேர்ந்துவிடும். எல்லாம் ஒரே மாதிரி வெளிர் நிறம். எது யாருடையது என்று பார்த்துச் சொல்லவே முடியாது. அதனால் முட்டையை எடுத்த கையோடு, கூண்டுக்குள் நின்றபடியே, அந்தக் கூண்டுக்கு நீங்கள் வைத்திருக்கும் அடையாள எழுத்தையும் தேதியையும் முட்டையின் மேல் எழுதிவிடுங்கள். பென்சில்தான் நல்லது. ஓட்டில் நுண்துளைகள் உண்டு, மை உள்ளே இறங்கலாம். ஓர் ஆண்மயிலோடு மூன்று பெடைகள் இருந்தால் தாய் எது என்பது தெரியாது. அப்படியானால் ‘தாய்: இந்த மூன்றில் ஒன்று’ என்றே எழுதுங்கள். ஊகித்து ஒரு பெயரைப் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இன்குபேட்டரில், அதாவது சூடு கொடுத்து முட்டை பொரிக்கும் பெட்டியில் வைத்தால் சுமார் 28 நாள். காற்றாடி உள்ள பெட்டியில் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட். வைத்த தேதியையும் அன்றைய எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். குஞ்சு ஓட்டைக் கொத்தும் நேரத்துக்குள் முட்டை தன் எடையில் ஏறக்குறைய 13 முதல் 15 சதவீதம் இழந்திருக்க வேண்டும். 100 கிராம் முட்டை என்றால் நாளுக்கு அரை கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். குறைவது போதவில்லை என்றால் பெட்டிக்குள் ஈரம் அதிகம் என்று அர்த்தம். வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதினால், திருத்த நேரம் இருக்கும்போதே இது தெரிந்துவிடும்.

பதிவு அறுந்துபோவது பெரும்பாலும் கடைசி மூன்று நாளில்தான். முட்டையைத் திருப்புவதை நிறுத்தி எல்லாவற்றையும் ஒரே தட்டில் பரப்பிவிடுகிறோம். மறுநாள் காலை குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், ஓடுகள் உடைந்து கிடக்கும். அதுவரை எழுதியதெல்லாம் வீண். ஒவ்வொரு கூண்டின் முட்டைக்கும் தனித்தனிக் கம்பிவலைக் கூடை வையுங்கள். கூடையிலிருந்து எடுக்கும்போதே காலில் வண்ண வளையம் மாட்டி, நிறத்தை நோட்டில் எழுதுங்கள். கால் வேகமாகத் தடிக்கும். வளையம் இறுகும் முன் மாற்ற வேண்டும். பழைய நிறம், புது நிறம் இரண்டையும் எழுதிவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன்? நிறத்துக்காகத்தான். கருந்தோள் மயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அது தனி இனம் என்று ஒரு காலத்தில் கருதினார்கள். சாதாரண மயில் கூட்டங்களிலேயே அது திடீரென்று தோன்றுவதைச் சுட்டிக்காட்டி, வளர்ப்பில் வந்த மாறுபாடுதான் என்று டார்வின் 1868இல் எழுதினார். சாதாரணமாகத் தெரியும் இரண்டு மயில்கள் அந்தக் குணத்தை மறைவாகச் சுமந்து இணைந்தால், குஞ்சுகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று வெளிர்மஞ்சளாகப் பிறக்கும். அதுதான் கருந்தோள். பெற்றோர் முகத்தில் எதுவும் எழுதியிருக்காது. நோட்டில்தான் இருக்கும்.

கேமியோ என்னும் வெளிர்பழுப்பு மயில் இன்னும் சுவாரசியம். அந்த நிறம் பாலினத்தோடு சேர்ந்து போவது. கேமியோ ஆணையும் நீலப் பெடையையும் (சாதாரண நிற வகையைத்தான் நீலம் என்கிறோம்) சேர்த்தால் பெண்குஞ்சுகள் அத்தனையும் கேமியோ. ஆண்கள் எல்லாம் பார்வைக்கு நீலம், ஆனால் உள்ளே கேமியோவைச் சுமப்பவை. ஆக, நீலப் பெடையின் முட்டையில் கேமியோ குஞ்சு வந்தால் அது பெண்தான். தோகை வளர மூன்று வருடம் காத்திருக்க வேண்டாம். நீலப் பெடைக்குப் பிறந்த கேமியோ ஆண் என்று உங்கள் நோட்டு சொல்கிறதா? அது நடக்கவே முடியாது. எங்கோ முட்டை மாறியிருக்கிறது என்று நோட்டே காட்டிக்கொடுக்கும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம், பொரிக்காத முட்டை. அதைக் குப்பையில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். உடைத்துப் பாருங்கள், நாற்றம் அடித்தாலும் சரி. கருவே கூடாத கூமுட்டையா, முதல் வாரத்தில் இரத்த வளையத்தோடு நின்றதா, முழுக் குஞ்சாகி ஓட்டுக்குள்ளேயே இறந்ததா? ஒரே கூண்டில் கூமுட்டையாக வந்தால் ஆண்மயிலைக் கவனியுங்கள். இரண்டு வயது ஆண் பல நேரம் இன்னும் தயாராகியிருக்காது. எல்லாக் கூண்டு முட்டையும் கடைசி நாட்களில் இறந்தால் பெட்டியின் ஈரப்பதத்தையும் காற்றோட்டத்தையும் பாருங்கள். புயலில் கரண்ட் போயிருந்தால் எத்தனை மணி நேரம் என்று அதே பக்கத்தில் எழுதுங்கள். பொரித்ததை மட்டும் எழுதிய நோட்டை வைத்து இதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

பறவையை விற்கும்போது அதன் பக்கத்தையும் பிரதி எடுத்துக் கொடுத்துவிடுங்கள். தாய், தகப்பன், பொரித்த தேதி, குடற்புழு மருந்து கொடுத்த தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். வாங்குகிறவர் அண்ணன் தங்கையையே ஜோடி சேர்க்காமல் இருக்க வேறு வழியில்லை. நீங்கள் வாங்கும்போதும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

நன்றி, வணக்கம்.