ஒரே ராஜா, பல நாடுகள்: இது எப்படிச் சாத்தியம்?

(திரையில் 1947 காஷ்மீர் வரைபடம்)

1947 அக்டோபரில் காஷ்மீரில் சண்டை மூண்டது. அப்போது இந்தியாவுக்கும் ராஜா பிரிட்டனின் ஆறாம் ஜார்ஜ், பாகிஸ்தானுக்கும் ராஜா அவரேதான். சுதந்திரம் வந்த பிறகுமா? ஆமாம், 1950 ஜனவரி 26 வரை சட்டப்படி நமக்கும் ராஜா அவர்தான்.

தன்னோடு தானே போர் புரிந்தாரா என்றால், இல்லை. ஆள் ஒருவர், பதவி இரண்டு. இந்தியா விஷயத்தில் டெல்லி அமைச்சரவை சொல்வதைக் கேட்பார், பாகிஸ்தான் விஷயத்தில் அதன் அன்றைய தலைநகர் கராச்சி சொல்வதை. லண்டன் அமைச்சரவைக்கு இதில் வேலையே இல்லை.

(திரையில்: 1931)

இதற்கு அடித்தளம் 1931-ல் வந்த வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம். கனடா, தென்னாப்பிரிக்கா போன்ற டொமினியன்கள் (பிரிட்டிஷ் ராஜாவையே ராஜாவாக வைத்துக்கொண்டு தம்மைத் தாமே ஆண்ட நாடுகள்) கேட்டுச் சம்மதிக்காமல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவற்றுக்குச் சட்டம் போட முடியாது என்றது.

ஐந்தே வருடத்தில் இது ஒரு வேடிக்கையில் கொண்டுபோய் விட்டது. அமெரிக்கப் பெண் வாலிஸ் சிம்சனைக் கல்யாணம் செய்துகொள்வதற்காக அப்போதைய ராஜா எட்டாம் எட்வர்ட் 1936 டிசம்பர் 10 அன்று முடிதுறந்து கையெழுத்துப் போட்டார். பிரிட்டனில் அது 11-ம் தேதி சட்டமானது. அயர்லாந்து தன் சட்டத்தை 12-ம் தேதிதான் நிறைவேற்றியது. தென்னாப்பிரிக்காவோ, 10-ம் தேதியே அவர் விலகிவிட்டார் என்று பிற்பாடு சட்டம் எழுதிக்கொண்டது. ஆக 11-ம் தேதி இரவு லண்டனில் அவர் தம்பி ஆறாம் ஜார்ஜ் ராஜா, டப்ளினில் இன்னும் எட்வர்ட்தான்!

சரி, ராஜா லண்டனில் இருக்க, மற்ற நாடுகளில் அவர் வேலையை யார் பார்ப்பது? கவர்னர் ஜெனரல். அவரை நியமிக்கப் பரிந்துரைப்பதும் அந்தந்த நாடுதான். 1975-ல் ஆஸ்திரேலிய கவர்னர் ஜெனரல் ஜான் கெர், பிரதமர் கஃப் விட்லமைப் பதவிநீக்கம் செய்தார். சபாநாயகர் எலிசபெத் ராணிக்கு முறையிட்டுக் கடிதம் எழுதினார். ஆஸ்திரேலிய அரசியல் சாசனப்படி அந்த அதிகாரம் கவர்னர் ஜெனரலுடையது, ராணி தலையிட முடியாது என்று அரண்மனை பதில் போட்டது. தப்பிக்கும் பதில் மாதிரித் தெரியலாம், ஆனால் சட்டப்படி சரியான பதில்.

இன்று சார்லஸ் ராஜாவுக்கு பிரிட்டனோடு சேர்த்து 15 நாடுகள். வேண்டாம் என்றால் விலகலாம். இலங்கை 1972 மே 22 அன்று குடியரசானது. பார்படோஸ் 2021 நவம்பரில் தன் நாடாளுமன்றத்திலேயே சட்டம் திருத்தி விலகியது. அந்த விழாவுக்கு அப்போது இளவரசராக இருந்த சார்லஸே விருந்தாளியாகப் போயிருந்தார்.