கண்ணில் மின்னும் வளைவு, அதன் பின்னால் வரும் தலைவலி

நீலகிரி மலை நேயர்களுக்கு வணக்கம்.

தேயிலைக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். வரிக்கு நடுவே ஓர் எண் மட்டும் தெரியவில்லை. கண்ணைக் கசக்கிப் பார்த்தாலும் தெரியவில்லை. ஐந்து நிமிடம் போனதும் அந்த வெற்றிடத்தின் விளிம்பில் ரம்பப் பல் மாதிரி ஒரு வளைவு மினுமினுக்க ஆரம்பிக்கிறது. அது நடுங்கிக்கொண்டே பெரிதாகி, ஓரத்துக்கு நகர்ந்து, அரை மணி நேரத்துக்குள் காணாமல் போகிறது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் தலையின் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கிறது. குமட்டல் வருகிறது. வெளிச்சம் ஆகவில்லை, சத்தம் ஆகவில்லை, பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனைகூட ஆகவில்லை.

ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன் உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இப்படிப் பார்வையில் முன்னறிகுறி வரும். மருத்துவர்கள் அதை ‘ஆரா’ என்பார்கள். சிலருக்கு ஆரா மட்டும் வந்து போகும், வலியே வராது.

இது வந்தவர்கள் பெரும்பாலும் முதலில் போவது கண்ணாடிக் கடைக்கு. பவர் மாற்றி, புதுக் கண்ணாடி போட்டு, அடுத்த மாதம் அதே வளைவைப் புதுக் கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். கண் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாது. ஏனென்றால் கோளாறு கண்ணில் இல்லை. பிடரிக்கு மேலே, மூளையின் பின்பகுதியில், பார்வையைக் கவனிக்கும் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில் நடக்கிறது. அங்கே நரம்பணுக்கள் ஒரு கணம் கொந்தளித்து, பிறகு சற்று நேரம் ஓய்ந்துவிடுகின்றன. இந்த அலை நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவில் மெல்ல ஊர்கிறது. கொந்தளிக்கும் முனைதான் மினுமினுப்பு. ஓய்ந்துபோன பகுதிதான் வெற்றிடம். 1941இல் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர், தனக்கு வந்த வெற்றிடத்தை வரைந்து வரைந்து பார்த்தே இந்த வேகத்தைக் கணக்கிட்டார். 1944இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் லியாவோ, முயலின் மூளையில் அப்படிப்பட்ட அலையை நேரிலேயே பதிவு செய்தார்.

இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு பயன் உண்டு. மூளையின் இடப்பக்கம் இரண்டு கண்களின் வலப்பக்கக் காட்சியையும் கவனிக்கிறது. ஆகவே ஆரா வந்தால் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் தெரியும். அடுத்த முறை வரும்போது உள்ளங்கையால் இடது கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு வலது கண்ணை மூடிப் பாருங்கள். எதை மூடினாலும் வளைவு தெரிந்தால் அது மூளையின் வேலை. ஒரு கண்ணை மூடியதும் மறைந்துபோனால் கோளாறு அந்தக் கண்ணில் இருக்கலாம். அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கூடவே கடிகாரத்தையும் பாருங்கள். ஆரா மெல்லத் தொடங்கி, 5 நிமிடத்துக்குக் குறையாமல், 60 நிமிடத்துக்கு மிகாமல் இருக்கும். இந்தக் கைச்சோதனையும் கடிகாரமும் தரும் தகவல், பல நேரம் ஸ்கேன் படத்தைவிட மருத்துவருக்கு உதவும்.

எப்போது பயப்பட வேண்டும்? ஆரா மெல்ல விரியும்; பக்கவாதம் சட்டென்று விழும். ஒரே நொடியில் பார்வை போவது, வாய் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சு குழறுவது, இதுவரை அறியாத கடுமையில் தலைவலி வெடிப்பது, இவற்றில் எது வந்தாலும் 108க்குப் போன் செய்யுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. கூடலூரிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ பெரிய மருத்துவமனை சேர்வதற்கே அதில் பெரும்பகுதி போய்விடும். ‘படுத்து எழுந்தால் சரியாகும்’ என்று பார்த்திருக்க நமக்கு நேரமில்லை. ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக ஆராவோ இப்படிப்பட்ட தலைவலியோ வந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். அதோடு மெல்லும்போது தாடை வலித்தால், தலை சீவும்போது நெற்றிப்பொட்டு நோகிறது என்றால், அது வேறு நோய். தாமதித்தால் பார்வையே போகும். ஒரு கண்ணில் திரை இறங்குவது போலவும் பூச்சி பறப்பது போலவும் தெரிந்தால் விழித்திரை விலகியிருக்கலாம். கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்து, வாந்தியும் வந்தால் கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம்.

குளிர்காலத்தில் நம் மலையில் இன்னொன்று. கதவைச் சாத்திக் கரியடுப்பு மூட்டிய அறையில் தலைவலியும் மங்கலும் வந்தால், அதிலும் வீட்டில் எல்லோருக்கும் வந்தால், அது மைக்ரேன் இல்லை, கார்பன் மோனாக்சைடு நச்சு. மாத்திரை தேடாதீர்கள். எல்லோரும் வெளியே வாருங்கள், பிறகு 108ஐ அழையுங்கள்.

சரி, ஆரா என்று உறுதியாகிவிட்டது. என்ன செய்வது? வண்டி ஓட்டுகிறவர் அடுத்த ஒதுங்குமிடத்திலேயே நிறுத்த வேண்டும். பார்வையில் பாதி இல்லாமல் கொண்டை ஊசி வளைவில் எதிர்வண்டியைக் கணிக்க முடியாது. கொழுந்து வெட்டும் கத்தரியைக் கீழே வையுங்கள். தண்ணீர் குடித்துவிட்டு வெளிச்சம் குறைந்த இடத்தில் உட்காருங்கள்.

மாத்திரையில் பலர் தோற்பது அளவிலும் நேரத்திலும்தான். வலி முற்றிய பிறகு வயிறு சரியாக இயங்காது. விழுங்கியது அங்கேயே கிடக்கும். பெரியவர்களுக்கு, அல்சரோ சிறுநீரகக் கோளாறோ இல்லையென்றால், இபுபுரோஃபென் 400 மில்லிகிராம், அல்லது நாப்ராக்சன் 500, ஏதாவது சாப்பிட்டுவிட்டு, வலி தொடங்கும்போதே போட வேண்டும். அவை ஒத்துவராதவர்களுக்குப் பாராசிட்டமால் 1000. அரை மாத்திரையாகப் பிய்த்துப் போடுவதில் பயனில்லை. குமட்டலுக்கு டோம்பெரிடோனை மருத்துவர் சேர்த்துத் தருவார். இவற்றுக்கு அடங்காதவர்களுக்கு சுமாட்ரிப்டான் போன்ற ‘ட்ரிப்டான்’ மருந்துகள் உண்டு. அவற்றை ஆரா ஓடும்போது அல்ல, வலி தொடங்கியதும் போட வேண்டும். இதயநோயோ கட்டுக்கு வராத இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு அவை ஆகாது. மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும் எர்காட்டமின் கலந்த மாத்திரைக்கும் இதே எச்சரிக்கைதான். அது ரத்தக்குழாயைச் சுருக்கும்.

மாதத்தில் 15 நாளுக்கு மேல் சாதாரண வலி மாத்திரை, அல்லது 10 நாளுக்கு மேல் பல மருந்து கலந்த கூட்டு மாத்திரையோ ட்ரிப்டானோ எடுத்தால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். காலண்டரில் மாத்திரை போட்ட நாளைச் சுழித்து வையுங்கள். எண்ணினால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

தைலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைவலி என்றதும் நீலகிரித் தைலத்தை நெற்றி நிறையத் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். தடுமனுக்கு அது நல்லது. மைக்ரேனில் மூக்கே எதிரி; காட்டமான வாசனை வலியைக் கிளப்பவும் செய்யும், கூட்டவும் செய்யும். ஈரத்துணி போதும்.

மலையில் தாகம் தெரியாது. காலை எட்டு மணிக்கு வெறும் டீயோடு காட்டுக்குப் போய், பதினொன்று வரை தண்ணீரும் இல்லாமல், பலகாரமும் இல்லாமல் நிற்பது தலைவலிக்கு நேராக அழைப்பு. டீயை நிறுத்தச் சொல்லவில்லை. தினமும் ஒரே அளவு, ஒரே நேரம் குடியுங்கள். வேலை நாளில் ஆறு கப், ஞாயிற்றுக்கிழமை இரண்டு கப் என்றால் ஞாயிறு மத்தியானம் வலி வரும். மூடுபனி விலகியதும் அடிக்கும் வெயிலும், பஸ் ஓடும்போது மர வரிசைக்கிடையே வெட்டி வெட்டி விழும் வெளிச்சமும் சிலருக்கு ஆராவைத் தூண்டும். விளிம்பு வைத்த தொப்பி போடுங்கள். பஸ்ஸில் வெயில் படாத பக்கம் உட்காருங்கள். கறுப்புக் கண்ணாடி வெளியில் மட்டும். வீட்டுக்குள்ளும் போட்டிருந்தால் கண் இருட்டுக்குப் பழகி, வெளிச்சம் இன்னும் கூசும்.

மாதத்தில் நாலு நாளுக்கு மேல் வலி முடக்கினால் தடுப்பு மருந்து கேளுங்கள். புரோப்ரனோலால் நல்ல மருந்து, ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கூடாது. அமிட்ரிப்டிலின் இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கும். காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும். எதுவானாலும் சரியான அளவில் எட்டு வாரமாவது போட்ட பிறகே பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். பத்து நாளில் விட்டுவிட்டு ‘கேட்கவில்லை’ என்பதில் அர்த்தமில்லை.

பெண்கள் கவனிக்க வேண்டியது இது. ஆரா வருகிறவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கக் கூடாது. பக்கவாத அபாயம் கூடும். புகைபிடித்தால் இன்னும் மோசம், அது ஆண்களுக்கும்தான். கருத்தடை மாத்திரை எழுதும் டாக்டர் தலைவலியைப் பற்றிக் கேட்காவிட்டால், ‘எனக்குக் கண்ணில் மின்னும்’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் வால்ப்ரோவேட், டோபிரமேட் போன்ற தடுப்பு மருந்துகளைப் பற்றி முன்கூட்டியே பேச வேண்டும். அவை குழந்தையைப் பாதிக்கும். அதற்காகத் தாமாகத் திடீரென்று நிறுத்திவிடவும் வேண்டாம்.

வணக்கம்.